முதலில் போவது யார்? ஜெர்மனியில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு



'வெளிநாட்டில் கார் ஓட்டுவோர் அறிய வேண்டியவை' என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. துபாயில் ஒரு சட்டம், அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு சட்டம். எல்லாவற்றையும் நுனிப்புல் மேய்ந்தால் வீட்டுக்குப் போகும்போது ஒன்றும் நினைவில் இருக்காது. அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனி. இந்த அரங்கில் இருக்கும் பலருடைய பிள்ளைகள் ஸ்டுட்கார்ட்டிலும் மியூனிக்கிலும் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். என் மகளும் மருமகனும் அங்கேதான் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறோம். போன இடத்தில் வாடகைக்கு ஒரு கார் எடுத்தால் நாலு ஊர் பார்க்கலாமே என்று ஆசை வருகிறது. நியாயமான ஆசைதான்.

காரையே உலகத்துக்குக் கொடுத்த நாடு அது. 1886-இல் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தை நடத்தியவர் ஒரு தாய். அன்றைக்கு அந்த அம்மாவுக்கு எதிரே இன்னொரு கார் வரவில்லை. ஆகவே, யார் முதலில் போவது என்ற கேள்வியும் வரவில்லை.

இன்றைக்கு வருகிறது. நான் பேச வந்தது முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். முதலில் போவது யார்?

நம் ஊரில் ஒரு நாற்சந்தி. சிக்னல் இல்லை, போலீஸ்காரர் இல்லை. நான்கு பக்கமும் வண்டி. யார் முதலில் போவார்? பெரிய வண்டி போகும். லாரி வந்தால் கார் நிற்கும். கார் வந்தால் ஸ்கூட்டர் நிற்கும். அல்லது ஹாரனை அழுத்தியவர் போவார். அல்லது பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா கையை நீட்டி ஒரு சைகை காட்டுவார். வண்டி அந்தக் கையை நம்பிப் போகும். நாம் எதிராளியின் முகத்தைப் பார்க்கிறோம், அவர் நம் முகத்தைப் பார்க்கிறார், ஒரு நொடியில் பேச்சுவார்த்தை முடிந்துவிடுகிறது. இதை நான் கேலி செய்யவில்லை. இதற்கும் திறமை வேண்டும். முப்பது ஆண்டு மதுரையில் ஓட்டியவருக்கு இருக்கும் எச்சரிக்கை உணர்ச்சி ஜெர்மனியில் ஓட்டுகிறவருக்குக் கிடையாது.

ஆனால் அந்தத் திறமை அங்கே செல்லாது. ஏன் செல்லாது? அங்கே யாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.

மகள் வீடு இருக்கும் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவிலேயே '30' என்று வட்டம் போட்ட பலகை. குடியிருப்புப் பகுதி, மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் கூடாது. நேரான, அகலமான தெரு. வலப்பக்கம் ஒரு குறுகிய சந்து வந்து சேர்கிறது. சந்திப்பில் பலகை எதுவும் இல்லை. நாம் என்ன நினைப்போம்? நாம் பெரிய தெருவில் போகிறோம், சந்திலிருந்து வருகிறவர் நின்று பார்த்து வரட்டும் என்று நினைப்போம். அங்கே தலைகீழ். பலகை இல்லாத சந்திப்பில் உங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் வழி. தெரு பெரிதா சிறிதா என்ற பேச்சே கிடையாது. அந்தச் சந்திலிருந்து எழுபது வயது மூதாட்டி ஒருவர் சின்னக் காரில் வருகிறார். தன் வலப்பக்கத்தைப் பார்க்கிறார், ஏனென்றால் அவர் வழிவிட வேண்டியது அந்தப் பக்கம். அங்கே யாரும் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். இடப்பக்கம் நீங்கள் வருகிறீர்கள். உங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என்ன திமிர் என்று தோன்றும். திமிர் இல்லை. நீங்கள் நிற்பீர்கள் என்று அவர் நம்புகிறார்.

இந்த நம்பிக்கை அந்த அம்மாவின் சொந்தக் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நாட்டுச் சாலைச் சட்டமே அப்படித்தான் நிற்கிறது. மற்றவர் விதிப்படி நடப்பார் என்று நம்பி ஓட்ட உங்களுக்கு உரிமை உண்டு என்பதை அவர்களுடைய நீதிமன்றங்கள் ஒரு கொள்கையாகவே ஏற்றிருக்கின்றன. இதற்கு விலக்கும் உண்டு. யாரை நம்பக் கூடாது? குழந்தைகளை, முதியவர்களை, உடல் இயலாதவர்களை. சாலையோரம் இவர்கள் நின்றால் விதிப்படி நடப்பார்கள் என்று எதிர்பார்க்காதே, வேகத்தைக் குறை, நிற்கத் தயாராக இரு என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. பந்து உருண்டு வந்தால் பின்னாலேயே பிள்ளை ஓடி வரும் என்று அங்கே லைசென்ஸ் தேர்வில் கேட்கிறார்கள்.

லைசென்ஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மானியர்கள் பிறவியிலேயே ஒழுக்கமானவர்கள், நாம் அப்படியில்லை என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. அவர்கள் கற்றுக்கொள்ளும் முறையைப் பாருங்கள். கார் லைசென்ஸ் வாங்க அங்கே வழக்கமாக பதினான்கு வகுப்புகள் உட்கார்ந்து படிக்க வேண்டும்; ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம். சாதாரணப் பயிற்சி போக, கட்டாயமாகப் பன்னிரண்டு சிறப்புப் பயிற்சிகள்: ஊருக்கு வெளியே ஐந்து, ஆட்டோபான் என்னும் அதிவேக நெடுஞ்சாலையில் நான்கு, இருட்டில் மூன்று. முதலுதவிப் பயிற்சி தனி. அதன் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு. செலவு பல ஆயிரம் யூரோ வரை போகிறது. இரவில் ஓட்டிக் காட்டாதவருக்கு அங்கே லைசென்ஸ் கிடையாது. நமக்கு மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டினால் கிடைத்துவிடுகிறது. குணத்தில் ஒன்றும் பெரிய வேறுபாடு இல்லை ஐயா, பயிற்சியில்தான் இருக்கிறது!

சரி, எல்லாச் சந்திப்பிலும் வலப்பக்கம்தானா? இல்லை. இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு படிநிலை இருக்கிறது. சந்திப்பில் போலீஸ்காரர் நின்று கை காட்டினால் அவர் சொல்தான் கடைசிச் சொல். அவர் இல்லையென்றால் சிக்னல் விளக்கு. விளக்கு இல்லையென்றால் பலகை. பலகையும் இல்லையென்றால் வலப்பக்கம். மேலே உள்ளது இருந்தால் கீழே உள்ளதைப் பார்க்கவே கூடாது.

விளக்குக் கம்பத்திலேயே ஒரு பலகையும் மாட்டியிருப்பார்கள். விளக்கு பச்சையாக இருக்கிறது, பக்கத்தில் 'வழிவிடு' என்று தலைகீழ் முக்கோணம் தொங்குகிறது. புதிதாகப் போனவர் குழம்பிப்போவார். பச்சையை நம்புவதா, முக்கோணத்தை நம்புவதா? விளக்கு எரியும்வரை முக்கோணத்துக்கு உயிர் இல்லை. பல ஊர்களில் இரவு ஆனால் சிக்னலை அணைத்துவிடுகிறார்கள். அந்த நிமிடம் முக்கோணத்துக்கு உயிர் வந்துவிடும். இரவு பதினொரு மணிக்கு விமான நிலையத்திலிருந்து திரும்புகிறவர் அணைந்த விளக்கைப் பார்த்து, 'நம் ஊர் மாதிரி கரண்ட் இல்லை போலிருக்கிறது' என்று நேரே போனால், குறுக்கே வருகிறவர் ஐம்பதில் வந்துகொண்டிருப்பார். அவர் பக்கம் மஞ்சள் நிறச் சாய்சதுரப் பலகை இருக்கும். 'இது முதன்மைச் சாலை, நீ போய்க்கொண்டே இரு' என்று அர்த்தம். மற்ற பலகை எல்லாம் மெல்லப் படிக்கலாம். அந்த மஞ்சள் பலகையையும், தலைகீழ் முக்கோணத்தையும், நிறுத்தச் சொல்லும் எண்கோணத்தையும் விமானம் ஏறுமுன் மனப்பாடம் செய்யுங்கள். எண்கோணம் இருந்தால் சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். ஊர்ந்து ஊர்ந்து எட்டிப் பார்ப்பது நிற்பதாகாது.

இதுவரை சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவது என்று சொல்லவே இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். வலப்பக்கம். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எப்போது மறக்கும் தெரியுமா? நெரிசலில் மறக்காது. முன்னால் நான்கு வண்டி போனால் நாமும் பின்னாலேயே போய்விடுவோம். காலை ஆறு மணி, காலிச் சாலை, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வருகிறீர்கள், ஒரு வண்டி கண்ணில் படவில்லை. அப்போதுதான் கை தன் பழக்கத்துக்குப் போய் இடப்பக்கம் ஏறிவிடும். எதிர்த்திசையில் யாராவது ஆட்டோபானில் நுழைந்துவிட்டால் அங்கே வானொலி உடனே எச்சரிக்கை சொல்லும். கேட்டால் வலதோரம் ஒட்டிக்கொள்ளுங்கள், யாரையும் முந்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டம்மாவுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். ஒவ்வொரு முறை காலிச் சாலையில் திரும்பும்போதும், 'வலப்பக்கம்' என்று உரக்கச் சொல்லட்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். சொல்லட்டும்.

இனி ஆட்டோபான். பின்னால் நிற்கும் தம்பிகளின் முகத்தில் இப்போதுதான் வெளிச்சம் வருகிறது! வேகக் கட்டுப்பாடே இல்லாத சாலை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பாதிக்கும் மேற்பட்ட நீளத்தில் நிலையான உச்சவரம்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். இன்று முதல் ஆட்டோபான் என்று சொல்லப்படும் கொலோன்–பான் சாலையை 1932 ஆகஸ்டில் திறந்து வைத்தார் அன்றைய கொலோன் மேயர் கொன்ராட் அடனாவர். பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதமரான அதே மனிதர். அந்தச் சாலையில் வேக வரம்பு இருந்தது, மணிக்கு 120. அன்றைய கார்களில் பலவற்றால் அதில் பாதியைத்தான் தொட முடிந்தது. வண்டியால் முடியாத காலத்தில் வரம்பு. முடிகிற காலத்தில் வரம்பில்லை.

இப்போது 130 என்பது பரிந்துரை வேகம். மீறினால் அபராதம் இல்லை. ஆனால் 130-க்கு மேல் போகும்போது விபத்து நடந்தால், உங்கள் மீது வேறு தவறே இல்லாவிட்டாலும் இழப்பீட்டுப் பொறுப்பில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம். ஆகவே பரிந்துரை என்பதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பலகையில் வரம்பு போட்டிருந்தால் அது கட்டாயம். கேமராவுக்கு இரக்கம் கிடையாது.

ஆட்டோபானில் ஆபத்து உங்கள் வேகத்தில் இல்லை. பின்னால் வருகிறவர் வேகத்தில் இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். நீங்கள் வலது தடத்தில் 110-இல் போகிறீர்கள். முன்னால் ஒரு லாரி, 80-இல். முந்த வேண்டும். கண்ணாடியில் பார்க்கிறீர்கள், தூரத்தில், முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், ஒரு கறுப்புப் புள்ளி. நிறைய இடம் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். அந்தப் புள்ளி 210-இல் வந்துகொண்டிருந்தால்? உங்களுக்கும் அதற்கும் மணிக்கு நூறு கிலோமீட்டர் வித்தியாசம். அதாவது ஒரு விநாடிக்கு 28 மீட்டர் நெருங்குகிறது. பத்து விநாடியில் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும். லாரியை முந்தி முடிக்க உங்களுக்கும் கிட்டத்தட்ட பத்து விநாடி ஆகும். நம் ஊர் நான்குவழிச் சாலையில் கண்ணாடியில் தெரியும் புள்ளி வந்து சேர ஒரு நிமிடம் ஆகும் என்று பழகிய கண்ணுக்கு இந்தக் கணக்குப் புரியவே இரண்டு நாள் பிடிக்கும். முதலிரண்டு நாள் லாரிக்குப் பின்னாலேயே 80-இல் போங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

முந்துவது இடப்பக்கமாக மட்டுமே. முந்தி முடித்ததும் வலது தடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இடது தடத்தில் நிம்மதியாகக் குடியிருக்கக் கூடாது. வலப்பக்கமாக நுழைந்து முந்துவது பெருங்குற்றமாகப் பார்க்கப்படுகிறது; ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அங்கிருந்து ஒருவர் வருவார் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. அதே போல ஆட்டோபானில் ஏறும்போது, ஏற்கெனவே அதில் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் முதல் வழி. ஏறுவதற்கென்று நீளமான ஒரு தடம் விட்டிருப்பார்கள். அதில் தயங்கி நிற்காமல் வேகத்தைக் கூட்டி, அவர்கள் வேகத்துக்கு வந்து, இடைவெளியில் சேர்ந்துகொள்ள வேண்டும். முன்வண்டிக்கு எவ்வளவு இடைவெளி? வேகமானியில் உள்ள எண்ணில் பாதி, மீட்டரில். நூறில் போனால் ஐம்பது மீட்டர். அளக்க டேப் வேண்டாம். சாலையோரத்தில் கறுப்பு வெள்ளைக் குட்டைக் கம்பங்கள் பொதுவாக ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கிறார்கள்.

இப்போது நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டுட்கார்ட்டிலிருந்து மியூனிக் போகும் ஏ8 சாலை. உல்ம் நகரம் நெருங்கும்போது போக்குவரத்து மெதுவானது, பிறகு நடைவேகம். மருமகன் ஸ்டீயரிங்கை லேசாக இடது பக்கம் திருப்பி, தடுப்புக் கம்பியை உரசுவது போல ஒதுங்கினார். முன்னால் இருந்தவரும் ஒதுங்கினார். வலது தடத்தில் இருந்தவர்கள் வலதோரம் ஒதுங்கினார்கள். ஒரு சத்தம் இல்லை, ஒரு ஹாரன் இல்லை. மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலை நடுவில் ஒரு சந்து உண்டாகிவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, ஆம்புலன்ஸ் சத்தமே கேக்கலையே, எதுக்கு ஒதுங்குறீங்க?" என்று கேட்டேன்.

"சத்தம் கேட்ட பிறகு ஒதுங்க இடம் இருக்காது மாமா" என்றார்.

எஞ்சினை அணைத்தார்கள். பக்கத்து காரில் ஒருவர் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டார். கால் மணி நேரம் அந்தச் சந்து காலியாகவே கிடந்தது. பிறகு தீயணைப்பு வண்டி வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, பழுதுவண்டி வந்தது. எதுவும் வேகத்தைக் குறைக்கவே இல்லை. நம் ஊரில் அப்படி ஒரு சந்து ஐந்து நிமிடம் காலியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சிரிப்பே சொல்கிறது.

இது மரியாதைக்காகச் செய்வதல்ல, சட்டம். ஆட்டோபானிலும், ஊருக்கு வெளியே ஒரு திசைக்கு இரண்டு தடமாவது உள்ள சாலையிலும், வண்டிகள் நடைவேகத்துக்கு வந்தவுடனேயே வழி உண்டாக்க வேண்டும். இடது கடைசித் தடத்தில் இருப்பவர் இடது பக்கம் ஒதுங்க வேண்டும்; மற்ற எல்லோரும், மூன்று தடமோ நான்கு தடமோ, வலது பக்கம். செய்யாவிட்டால் குறைந்தது 200 யூரோ, இரண்டு தண்டனைப் புள்ளி, ஒரு மாதம் ஓட்டத் தடை. அந்தச் சந்தில் நுழைந்து ஆம்புலன்ஸ் பின்னாலேயே போனால் அபராதம் இன்னும் அதிகம். ஆட்டோபானில் பெட்ரோல் தீர்ந்து நின்றாலும் அபராதம் உண்டு, தவிர்த்திருக்கக் கூடிய தவறு என்பதால். பெர்தா அம்மா இன்று போனால் அபராதம் கட்டியிருப்பார்.

ஊருக்குள் வருவோம். ஊர் எங்கே தொடங்குகிறது? மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பலகையைத் தாண்டிய நொடியிலிருந்து 50. தனியாக '50' என்று எழுதியிருக்க மாட்டார்கள், எழுதவும் தேவையில்லை. ஊர் முடியும் இடத்தில் அதே பெயர்மேல் சிவப்புக் கோடு. அதன் பிறகு சாதாரணச் சாலையில் 100. கேமராக்கள் பெரும்பாலும் அந்த மஞ்சள் பலகையைக் கவனிக்காமல் வருகிறவர்களுக்காகவே காத்திருக்கின்றன. 50 உள்ள இடத்தில் 81-இல் போனால் 260 யூரோ, இரண்டு புள்ளி, ஒரு மாதத் தடை. கையில் போன் இருந்தால் 100 யூரோ. நீங்கள் வெளிநாட்டவர் என்றால் போலீஸ் அந்த இடத்திலேயே பிணைத்தொகை கேட்கலாம். தப்பித்து ஊர் திரும்பிவிட்டாலும் வாடகைக் கார் நிறுவனம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு, கொடுத்த வேலைக்குத் தனியாக ஒரு கட்டணத்தை உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளும்.

நம் ஊர் 'ஃப்ரீ லெப்ட்' பழக்கத்தை அங்கே வலப்பக்கம் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். சிவப்பு என்றால் எல்லாத் திசைக்கும் சிவப்பு. சில கம்பங்களில் மட்டும் கறுப்புத் தகட்டில் பச்சை அம்புக்குறி வரைந்து மாட்டியிருப்பார்கள். இது 1978-இல் கிழக்கு ஜெர்மனியில் வந்த ஏற்பாடு. அந்த நாடு போய்விட்டது, அம்புக்குறி போகவில்லை. 1994-இல் ஒன்றுபட்ட ஜெர்மனி முழுமைக்கும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அது இருந்தால், முழுதாக நின்று, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் வழிவிட்டு, பிறகு வலப்பக்கம் திரும்பலாம்.

சைக்கிள்! அதைத்தான் நம்மவர்கள் அதிகம் மறக்கிறார்கள். நீங்கள் வலப்பக்கம் திரும்புகிறீர்கள். உங்களுக்கு வலப்பக்கத்தில் சைக்கிள் தடம். அதில் ஒரு பள்ளிப்பிள்ளை நேரே போகிறது. யாருக்கு முதல் வழி? பிள்ளைக்கு. கண்ணாடி போதாது, தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்க்க வேண்டும். அந்தத் தலைத் திருப்பலைத் தேர்வில் மறந்தால் அங்கே தேறுவது கடினம். சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும். இடம் இல்லையா? பின்னாலேயே போக வேண்டும். ஹாரன் அடிக்கலாமா? கூடாது. ஆபத்து என்றால் அடிக்கலாம், ஊருக்கு வெளியே முந்தும்போது அடிக்கலாம், அவ்வளவுதான். 'நானும் இருக்கிறேன்' என்று சொல்வதற்கு அங்கே ஹாரன் கிடையாது. கோபத்தில் நெற்றியைத் தட்டிக் காட்டுவதும், விரலைக் காட்டுவதும் அவமதிப்புக் குற்றம். வழக்குப் போட்டு அபராதம் வாங்கிவிடுவார்கள்.

வரிக்குதிரைக் கோட்டில் ஒருவர் கடக்க விரும்புவது தெரிந்தாலே நிற்க வேண்டும். அவர் காலை எடுத்துவைக்கும் வரை காத்திருக்கக் கூடாது. பேருந்துக்கு இன்னும் கடுமை. ஒரு பேருந்து நான்கு பக்க விளக்கும் மினுக்கியபடி நிறுத்தத்தை நெருங்குகிறதா, முந்தக் கூடாது. நின்று ஆட்களை இறக்குகிறதா, நடைவேகத்தில் மட்டுமே கடக்கலாம். எதிர்த்திசையில் வருகிறவருக்கும் இதே விதி. ஏன் எதிர்த்திசைக்கும்? இறங்கிய பிள்ளை பேருந்துக்குப் பின்னாலிருந்து ஓடி வருவது எதிர்த்தடத்துக்குத்தானே! எனக்கு அந்த நாட்டின் சட்டங்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

இன்னொரு காட்சி. கடைவீதியில் காரை நிறுத்த இடம் தேடிப் பின்னால் எடுக்கிறீர்கள். நின்றிருந்த கார் ஒன்றின் மீது லேசாக உரசிவிட்டது. ஒரு கீறல். சொந்தக்காரர் இல்லை. நல்லவரான நீங்கள் ஒரு காகிதத்தில் போன் நம்பர் எழுதி வைப்பரில் செருகிவிட்டுப் போகிறீர்கள். நம் ஊரில் உங்களுக்குச் சிலை வைப்பார்கள். அங்கே நீங்கள் குற்றவாளி. விபத்து நடந்த இடத்தை விட்டுப் போனது குற்றம்; காகிதம் செருகினால் போதாது. நியாயமான நேரம் காத்திருக்க வேண்டும். ஆள் வரவில்லையென்றால் 110-ஐ அழைத்துப் போலீசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆளுக்கு அடி என்றால் 112. உதவி செய்யக் கூடியவர் உதவாமல் போவதும் அங்கே தண்டனைக்குரியது.

நிறுத்தும் இடம் பற்றி ஒரு சின்னச் செய்தி. சில இடங்களில் காசு வேண்டாம், ஆனால் நீல நிற அட்டைக் கடிகாரம் ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். வந்த நேரத்தை அப்படியே வைக்கக் கூடாது. அடுத்த அரைமணிக் கோட்டில் வைக்க வேண்டும். 10.05-க்கு வந்தால் 10.30. இந்த இருபத்தைந்து நிமிடம் அரசாங்கம் உங்களுக்குக் கொடுக்கும் தானம். வேண்டாம் என்று 10.05 வைத்தால் அதற்கும் சீட்டு எழுதலாம்!

எல்லை தாண்டுவதைப் பற்றி இரண்டே வார்த்தை. ஜெர்மனியில் காருக்குச் சுங்கம் இல்லை. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் நெடுஞ்சாலையில் ஏறுமுன் கட்டண வில்லை வாங்கியிருக்க வேண்டும். இத்தாலியில் பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் வெளிவண்டி நுழையக் கூடாது. பிளாரன்ஸில் கேமரா படம் எடுத்து, நீங்கள் ஊர் திரும்பி அதை மறந்தே போன பிறகு கடிதம் வரும். பனிக்காலம் என்றால் மலைச் சின்னத்துக்குள் பனிப்பூ பொறித்த டயர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியில் பனிச் சாலைக்கு அந்தச் சின்னம் உள்ள டயர்தான் செல்லும். பன்னிரண்டு வயதுக்கும் நூற்றைம்பது சென்டிமீட்டர் உயரத்துக்கும் உட்பட்ட பேரப்பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம்; பாட்டி மடி செல்லாது.

காகித வேலையைச் சொல்லி முடிக்கிறேன். நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, ஆயிரம் ரூபாய் கட்டினால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கிடைக்கும். அது தனி லைசென்ஸ் அல்ல. உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மட்டுமே. அசல் லைசென்ஸ் உடன் இல்லையென்றால் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பே இல்லை. இரண்டையும் எடுத்துப் போங்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது போதும். அங்கேயே குடியேறும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் இந்திய லைசென்ஸ் செல்லும். அதன் பிறகு எழுத்துத் தேர்விலும் ஓட்டுத் தேர்விலும் தேறியே ஆக வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். ஆறு மாதம் கழிந்தும் 'இன்னும் ஒரு வாரம்தானே' என்று ஓட்டினால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். விசா நீட்டிக்கும் நேரத்தில் அந்த வழக்கு முன்னால் வந்து நிற்கும்.

கடைசியாக, பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். இரவெல்லாம் விமானத்தில் கண்விழித்துவிட்டு, இறங்கிய கையோடு விமான நிலையத்திலேயே சாவி வாங்கி ஆட்டோபானில் ஏறாதீர்கள். முதல் நாள் ரயிலில் போங்கள். இரண்டு நாள் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எங்கே பார்க்கிறார்கள், எப்போது தலையைத் திருப்புகிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்குங்கள். ஞாயிறு இரவு பத்து மணி வரை அங்கே கனரக லாரிகள் ஓடக் கூடாது; சாலை காலியாக இருக்கும். வீட்டம்மாவை மறக்காமல் பக்கத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள், 'வலப்பக்கம்' என்று சொல்ல ஆள் வேண்டும்.